15 வருடம் ஓடிய டிசைன் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்கிறார்கள்: எதை எடுத்துப் போவது, எதை விடுவது?

ஸ்பிண்டில்போர்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் நூற்பாலை இயந்திரங்களுக்கு கன்ட்ரோல் போர்டு செய்யும் சின்ன நிறுவனத்தில் டிசைன் பார்க்கிறேன். டிசைன் பிரிவு என்றால் நானும் இன்னும் இரண்டு பேரும்தான். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது அல்லவா, அதிலிருந்து ஆபீஸில் எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வருகிறார்கள். கணக்குப் பிரிவு, ஸ்டோர்ஸ் எல்லாம் ஒரே மதியத்தில் முடிந்துவிட்டன. இப்போது என் மேசைக்கு வந்திருக்கிறார்கள்.

என்னிடம் இருப்பது விண்டோஸ் 7, 32 பிட், கோர் 2 டியோ. பின்பக்கம் பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் மாட்டும் இடம்) இருக்கிறது. 2011-இல் வாங்கியது. புரோடெல் 99 எஸ்இ என்ற போர்டு வரையும் பழைய மென்பொருளில் அறுபதுக்கும் மேற்பட்ட போர்டுகளின் சர்க்யூட்டும் லேஅவுட்டும் அதில் இருக்கின்றன. எக்ஸ்சி9572எக்ஸ்எல் என்ற சிபிஎல்டி-க்காக (லாஜிக்கை நாமே எழுதி ஏற்றும் சிப்) ஐஎஸ்இ 14.7 என்ற மென்பொருள் வைத்திருக்கிறேன். 8051 வகை மைக்ரோகன்ட்ரோலருக்கான கம்பைலரின் (எழுதிய கோடைச் சிப்புக்கான புரோகிராமாக மாற்றும் மென்பொருள்) பழைய பதிப்பு ஒன்று உண்டு. அப்புறம் பேரலல் போர்ட்டில் மாட்டும் சிப் புரோகிராமர் (சிப்பில் புரோகிராமை ஏற்றும் கருவி), அதற்கு 32 பிட் டிரைவர் மட்டும்தான் வந்தது.

ஏன் இதையெல்லாம் இன்னும் கட்டிக்கொண்டு இருக்கிறாய் என்று கேட்பீர்கள். 2009-இல் நாங்கள் கொடுத்த போர்டுகள் மில்களில் இன்றைக்கும் ஓடுகின்றன. மாதம் மூன்று நான்கு ரிப்பேருக்கு வரும். போர்டு பழையது என்பதற்காக யாரும் இயந்திரத்தை மாற்ற மாட்டார்கள்.

போன சனிக்கிழமை ஒரு முயற்சி செய்தேன். பழைய சோர்ஸ் கோடை அப்படியே புது விண்டோஸ் 11 மெஷினுக்கு எடுத்துப் போய், கம்பைலரின் புதிய பதிப்பில் போட்டேன். சிப் 8051 வகையைச் சேர்ந்த ஏடி89எஸ்52, புரோகிராமுக்கு மொத்தமே 8192 பைட். பழைய கம்பைலரில் 8117 பைட் வந்த புரோகிராம் புதியதில் 8240 வந்தது. ஒரு வரிகூட மாற்றவில்லை, ஆனால் சிப்பில் இடம் போதவில்லை. கம்பைலர் கோடைச் சுருக்கும் ஆப்டிமைசேஷனை ஒரு படி ஏற்றியதும் 8060-க்கு இறங்கியது. நிம்மதியாக ஏற்றிப் பார்த்தால் டிஸ்ப்ளேயில் எழுத்து சிதறி வருகிறது. டிஸ்ப்ளேக்குப் போகும் சீரியல் டேட்டாவின் தாமதத்தை 2009-இல் ஒரு ஃபார் லூப்பில் எண்ணி எழுதியிருக்கிறோம். லூப் வேகமாகிவிட்டது, பிட் நேரம் சுருங்கிவிட்டது.

பழைய மெஷினை அடுத்த வாரம் எடுத்துப் போகிறார்கள். யோசனை சொல்லுங்கள்.

---

பழையடாங்கிள் எழுதியது:

முதல் வேலை, இன்றைக்கே செய்ய வேண்டியது: ஹார்டு டிஸ்க்கை முழுதாக இமேஜ் (அச்சு அசலான பிரதி) எடுங்கள். புராஜெக்ட் போல்டரை மட்டும் காப்பி செய்தால் போதாது. கம்பைலரின் செட்டிங், லைப்ரரி, ரெஜிஸ்ட்ரி, எப்போதோ கையால் போட்ட ஒரு டிஎல்எல் என எல்லாம் சேர்ந்துதான் அந்த 8117 பைட்டைத் தருகிறது.

மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் டிஸ்க்2விஎச்டி என்ற சின்னக் கருவி இருக்கிறது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கை விஎச்டி பைலாக்கிவிடும். அதைப் புது மெஷினில் வெர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில், கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டராக (வெர்ச்சுவல் மெஷின்) திறக்கலாம். முதல் தடவை நீலத் திரையில் 7பி என்று முடியும் எண் வந்து நின்றால் பயப்பட வேண்டாம். பழைய மெஷின் ஐடிஇ (பழைய டிஸ்க் இணைப்பு முறை) வழியாக ஓடியிருந்தால் அந்த டிரைவர் மட்டும்தான் இயங்கும் நிலையில் இருக்கும், வெர்ச்சுவல் மெஷின் சாட்டா (புதிய முறை) என்று காட்டியிருக்கும். ஸ்டோரேஜ் கன்ட்ரோலரை ஐடிஇ-க்கு மாற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும், அதற்கான கீயைத் தேடி வையுங்கள்.

லைசென்ஸை இப்போதே பாருங்கள். நெட்வொர்க் கார்டு எண்ணுடனோ டிஸ்க் எண்ணுடனோ பூட்டிய லைசென்ஸ் எல்லாம் புது மெஷினில் செத்துவிடும். விற்றவர்களிடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும்போது பழைய மெஷின் உயிரோடு இருந்தால் பேச்சு சுலபம். எங்கள் இடத்தில் பழைய மெஷினை ஸ்கிராப்புக்குப் போட்ட பிறகுதான் கேட்டோம். 2007 பில்லைக் காட்டு என்றார்கள், பில் இருந்த பீரோவும் அதே லாரியில்தான் போயிருந்தது. நாலு லட்ச ரூபாய் மென்பொருள் அன்றோடு போனது.

---

நெட்வொர்க்பணி எழுதியது:

நான் மறுபக்கத்தில் இருப்பவன். ஒரு மோட்டார் உதிரிபாக ஆலையில் ஐடி பார்க்கிறேன். டிசைன்காரர்கள் எங்களை எதிரியாகப் பார்ப்பது தெரியும். ஆனால் ஏன் பிடிவாதமாக இருக்கிறோம் என்பதற்கு உங்கள் துறையிலேயே உதாரணம் உண்டு. 2018 ஆகஸ்டில் தைவான் டிஎஸ்எம்சி-யின் சிப் ஆலைகளில் வானாக்ரை வைரஸின் ஒரு வகை புகுந்தது. புதிதாக வந்த இயந்திரம் ஒன்றை ஸ்கேன் செய்யாமல் நெட்வொர்க்கில் சேர்த்ததுதான் காரணம். அப்டேட் போடாத விண்டோஸ் 7-இல் ஓடிய கருவிகளுக்கு அது பரவி, உற்பத்தியே நின்றது. மற்றவர்களுக்குச் சிப் செய்து தரும் நிறுவனங்களில் உலகிலேயே பெரியதற்கே அந்த நிலை.

அதனால் உங்கள் ஐடி ஆளிடம் 'மாற்ற மாட்டேன்' என்று சண்டை போடாதீர்கள். 'நெட்வொர்க் கேபிளைக் கழற்றித் தருகிறேன், மெஷினை விட்டுவிடுங்கள்' என்று கேளுங்கள். நான் என்றால் ஒப்புக்கொள்வேன். பென்டிரைவ் போவதும் வருவதும் ஒரு ஸ்கேன் மெஷின் வழியாக மட்டும் இருக்கட்டும். வெர்ச்சுவல் மெஷினிலும் நெட்வொர்க் அடாப்டரை எடுத்துவிடுங்கள், ஷேர்டு போல்டர் போதும்.

---

ஓம்விதி22 எழுதியது:

அண்ணா, நான் இப்போதுதான் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம். கேட்கலாமா என்று தெரியவில்லை. அந்த 8051-ஐ விட்டுவிட்டு எஸ்டிஎம்32 என்ற புதிய மைக்ரோகன்ட்ரோலர் போட்டுப் புது போர்டாகவே செய்துவிட்டால் இந்தப் பிரச்சினை எல்லாம் ஒரே அடியாகத் தீர்ந்துவிடாதா? சிபிஎல்டி-யும் தேவைப்படாதே.

---

ஸ்பிண்டில்போர்டு எழுதியது:

தம்பி, தாராளமாகக் கேட்கலாம். முதலாளியும் இதைத்தான் கேட்டார்.

அந்த போர்டுக்கு வரும் சென்சார் எல்லாம் 5 வோல்ட். எக்ஸ்சி9572எக்ஸ்எல் 3.3 வோல்ட்டில் ஓடினாலும் இன்புட்டில் 5 வோல்ட் தாங்கும், அதனால்தான் அன்று அதைத் தேர்ந்தெடுத்தோம். எஸ்டிஎம்32-இல் எல்லாப் பின்னும் அப்படித் தாங்காது. புது போர்டு என்றால் கனெக்டர் அதே இடத்தில் வர வேண்டும், மோட்டார் டிரைவ் பக்கத்தில் இருக்கும் மின் இரைச்சலில் நிற்க வேண்டும், மில்லில் மூன்று ஷிப்ட் ஓடும் மெஷினில் மாதக்கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய போர்டில் எந்த இடத்தில் கெபாசிட்டர் ஏன் கூடுதலாக நிற்கிறது என்பதெல்லாம் பதினைந்து வருடம் அடிபட்டுக் கற்றது. புது போர்டும் செய்யத்தான் போகிறோம், ஆனால் அது வரும்வரை ரிப்பேர் நிற்க முடியாது.

இன்னொன்று கேட்க வேண்டும். புரோகிராமருக்காக யுஎஸ்பி-யிலிருந்து பேரலல் போர்ட்டுக்கு மாற்றும் கேபிள் ஒன்று வாங்கினேன். மெஷின் அதைப் பிரிண்டர் போர்ட் என்று காட்டுகிறது, புரோகிராமர் மென்பொருளுக்கோ அது கண்ணிலேயே படவில்லை.

---

ரிச்சிதெரு_பழகியவன் எழுதியது:

அது வேலை செய்யாது சார், பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கேபிள் பழுதில்லை. பழைய பேரலல் போர்ட்டுக்கு 378 என்ற ஹெக்ஸ் முகவரி உண்டு. புரோகிராமர் மென்பொருள் அந்த முகவரியில் நேரடியாக எழுதி ஒவ்வொரு பின்னையும் தானே ஏற்றி இறக்கும். ஸ்டேட்டஸ் பின்னைப் படித்துச் சிப்பின் பதிலை வாங்கும். யுஎஸ்பி கேபிளில் அந்த முகவரியே கிடையாது. பிரிண்டருக்குப் போகும் எழுத்துகளைப் பாக்கெட்டாக அனுப்பத்தான் அதற்குத் தெரியும். பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு போட்டால் நிஜமான போர்ட் கிடைக்கும், ஆனால் முகவரி 378 ஆக இருக்காது. மென்பொருளில் முகவரியை மாற்ற இடம் இருந்தால் பிழைப்பீர்கள். அப்போதும் 64 பிட் விண்டோஸில் கையெழுத்திடாத டிரைவரை ஏற்றாது.

உங்கள் சிப்புக்குப் பழைய புரோகிராமரே தேவையில்லை. ஏடி89எஸ்52-ஐ போர்டில் வைத்தபடியே ஐஎஸ்பி என்ற முறையில் ஏற்றலாம். இன்னும் பழைய போர்டில் ஏடி89சி52 இருந்தால் அதில் ஐஎஸ்பி கிடையாது, சாக்கெட்டிலிருந்து கழற்ற வேண்டும். அதற்கு டிஎல்866 மாதிரி யுஎஸ்பி புரோகிராமர் போதும். அல்லது அந்த இடத்தில் எஸ்52-ஐயே செருகலாம், பின் எல்லாம் ஒன்றுதான்.

யுஎஸ்பி சீரியல் கேபிளையும் இப்போதே பார்த்து வையுங்கள். பிஎல்2303 சிப்பின் பழைய வகை போட்ட கேபிள்கள் புது விண்டோஸில் மஞ்சள் முக்கோணம் காட்டி நிற்கும். அந்த வகை 2012-லேயே நிறுத்தப்பட்டது என்று டிவைஸ் மேனேஜரிலேயே எழுதி வரும். பழைய டிரைவரைத் தேர்ந்தெடுத்துப் போட்டால் ஓடும், அடுத்த அப்டேட்டில் மறுபடி புதியது வந்து உட்காரும். எஃப்டிடிஐ என்ற இன்னொரு யுஎஸ்பி சீரியல் சிப்பில் 2014-இல் நடந்தது இன்னும் மோசம். விண்டோஸ் அப்டேட்டில் வந்த டிரைவர் போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி, எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரியாமல் செய்தது. வாங்கியவருக்குத் தன்னிடம் இருப்பது போலி என்றே தெரியாது.

---

லட்ச்_அண்ட்_லாஜிக் எழுதியது:

ஐஎஸ்இ பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

ஐஎஸ்இ 14.7 வந்தது 2013-இல், அதோடு நிறுத்திவிட்டார்கள். அதன் இடத்துக்கு வந்த விவாடோ என்ற மென்பொருள் 7 சீரிஸ் சிப்புகளிலிருந்துதான் பேசும். ஸ்பார்ட்டன் 3, ஸ்பார்ட்டன் 6 சிப்புகள், உங்கள் எக்ஸ்சி9572எக்ஸ்எல் சேர்ந்த 9500எக்ஸ்எல் குடும்பம் எல்லாவற்றுக்கும் ஐஎஸ்இ-யை விட்டால் வழி இல்லை. விண்டோஸ் 10-இலும் 11-இலும் நேரடியாக நிறுவினால், பைல் திறக்கும் ஜன்னல் வந்த நொடியில் முழு மென்பொருளும் மூடிக்கொள்ளும். இதற்கு எல்லோரும் செய்யும் சிகிச்சை ஒன்று உண்டு. ஐஎஸ்இ-யின் லிப் போல்டருக்குள் என்டி64 என்று ஒரு போல்டர் இருக்கும். அதில் லிப்போர்ட்டபிலிட்டி என்ற டிஎல்எல்-ஐப் பெயர் மாற்றி ஓரமாக வையுங்கள். பக்கத்திலேயே அதே பெயருடன் கடைசியில் நோஷ் என்று முடியும் இன்னொரு டிஎல்எல் இருக்கும். அதை ஒரு பிரதி எடுத்து முதலாவதின் பெயரைக் கொடுங்கள். காமன் போல்டருக்குள் இருக்கும் என்டி64-இலும் அதே பைலைப் போடுங்கள். பிறகு ஒழுங்காகத் திறக்கும்.

விண்டோஸ் 7 வெர்ச்சுவல் மெஷினுக்குள் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை, வேறு ஒன்று வரும். சிபிஎல்டி-யில் டிசைனை ஏற்றும் ஜேடேக் யுஎஸ்பி கேபிளை மாட்டியதும் அது ஒரு அடையாள எண்ணுடன் வரும். டிரைவர் உள்ளே பர்ம்வேரை ஏற்றியதும் தானே கழன்று வேறு எண்ணுடன் மறுபடி சேரும். வெர்ச்சுவல்பாக்ஸில் முதல் எண்ணுக்கு மட்டும் பில்டர் (இந்தக் கருவி உள்ளே போக வேண்டும் என்ற விதி) வைத்தால், இரண்டாவது தடவை கேபிள் வெளியே இருக்கும் விண்டோஸ் 11-க்குப் போய்விடும். உள்ளே விளக்கு எரியவே எரியாது. இரண்டு எண்ணுக்கும் பில்டர் வையுங்கள். எனக்கு இது புரிய ஒன்றரை நாள் ஆனது.

டிசைனை மாற்றப் போவதில்லை, ஏற்றினால் மட்டும் போதும் என்றால், ஐஎஸ்இ-யுடன் வரும் இம்பாக்ட்டில் எஸ்விஎஃப் பைல் (சிப்பில் ஏற்றும் கட்டளைகள் அடங்கிய பொதுவான பைல்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எஸ்விஎஃப்-ஐப் படிக்க ஐஎஸ்இ வேண்டாம், யுஆர்ஜேடேக் என்ற இலவசக் கருவி போதும். கம்ப்யூட்டர் எத்தனை தடவை மாறினாலும் அந்தப் பைல் ஓடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 9500எக்ஸ்எல் குடும்பத்தையே நிறுத்துவதாக அந்தச் சிப்பின் நிறுவனமான ஏஎம்டி 2024-இல் அறிவித்துவிட்டது. மென்பொருளுக்கு நீங்கள் கவலைப்படும் நேரத்தில் சிப் கையிருப்பையும் எண்ணிப் பாருங்கள்.

---

பாலிடெக்னிக்_லேப் எழுதியது:

எங்கள் கஷ்டம் வேறு மாதிரி. பாலிடெக்னிக் லேபில் 30 கம்ப்யூட்டர், எல்லாம் இன்டெல் 6-ஆம் தலைமுறை. விண்டோஸ் 11 கேட்பது பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்கு மேல், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. கம்ப்யூட்டர் எல்லாம் நன்றாகத்தான் ஓடுகின்றன, நிறைய மெமரி போட்டு எஸ்எஸ்டி-யும் மாற்றியிருந்தோம். புதிதாக வாங்க நிதி வராது என்று தெரிந்ததும் போன விடுமுறையில் முப்பதையும் லினக்ஸுக்கு மாற்றினோம். போர்டு வரைய கீகேட், சர்க்யூட் சிமுலேஷனுக்கு என்ஜிஸ்பைஸ், கம்பைலருக்கு எஸ்டிசிசி, லாஜிக் அனலைசருக்கு பல்ஸ்வியூ. பாடத்திட்டத்துக்கு இதுவே போதும்.

முதல் வாரம் மட்டும் சிரமப்பட்டோம். சிஎச்340 என்ற யுஎஸ்பி சீரியல் சிப் போட்ட போர்டை மாட்டினால் சீரியல் போர்ட் ஒரு கணம் தெரிந்து மறைந்துவிடும். பிள்ளைகள் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவியை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, அந்தச் சிப்பைப் பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. உபுன்டு 22.04-இல் எல்லோருக்கும் வருகிற விஷயம் இது. லேபில் அந்தக் கருவி பயன்படுத்தும் மாணவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் அதை எடுத்தோம். பிறகு ஒவ்வொரு மாணவர் கணக்கையும் டயல்அவுட் குழுவில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்று வரும்.

கீகேட்டில் ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வீட்டில் 9, லேபில் 8 என்று வைத்திருந்தால், வீட்டில் சேமித்த பைல் லேபில் திறக்காது. லேபில் என்ன பதிப்போ அதையே வீட்டிலும் போடச் சொல்லியிருக்கிறேன்.

---

வயா_ஹோல் எழுதியது:

புரோடெல் பைல் பற்றி. 99 எஸ்இ எல்லாவற்றையும் டிடிபி என்ற ஒரே டேட்டாபேஸ் பைலுக்குள் வைக்கும். கீகேட் அதை நேரடியாகப் படிக்காது. ஆல்டியம் டிசைனர் என்ற மென்பொருளில் இறக்குமதி செய்து, அங்கிருந்துதான் கீகேட்டுக்கு வர வேண்டும். நான் இப்படிச் சுமார் இருபது போர்டு மாற்றினேன். கோடுகள் வந்துவிடும், ஆனால் காப்பர் நிரப்பிய இடம், எழுத்தின் அளவு, சில பேடுகளின் வடிவம் மாறும். இரண்டு பக்கத்திலும் நெட்லிஸ்ட் (எந்தப் பின் எதோடு சேர்கிறது என்ற பட்டியல்) எடுத்து ஒப்பிடாமல் ஒரு போர்டைக்கூட நம்பாதீர்கள்.

ஆனால் ரிப்பேருக்கும் மறு உற்பத்திக்கும் சோர்ஸ் பைல் மாற்றமே தேவையில்லை. ஒவ்வொரு போர்டுக்கும் கெர்பர் (பிசிபி செய்பவருக்குக் கொடுக்கும் அடுக்குகளின் படம்), டிரில் பைல், பொருள் பட்டியல், சர்க்யூட்டின் பிடிஎஃப் இந்த நான்கும் வெளியே இருந்தால் போதும். கெர்பரை 274எக்ஸ் வடிவில் எடுங்கள். பழைய 274டி-யில் அப்பர்ச்சர் பட்டியல் தனி பைலில் இருக்கும், அது தொலைந்தால் எந்தக் கோடு எத்தனை அகலம் என்றே தெரியாது.

ஈகிள் என்ற போர்டு வரையும் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் நேரம் வந்துவிட்டது. 2026 ஜூன் 7-உடன் அதை நிறுத்துவதாக ஆட்டோடெஸ்க் முன்பே அறிவித்திருக்கிறது. ஈகிள் 6-லிருந்து பைல் எக்ஸ்எம்எல் என்பதால் கீகேட் நேரடியாக இறக்குமதி செய்யும், அந்த வகையில் அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருள் பயன்படுத்தும் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் மாடல்களை அதன் பொது லைப்ரரிக்குள் ஒட்டி வைக்காதீர்கள். பதிப்பு மாறும்போது லைப்ரரி போல்டரின் இடமே மாறியிருக்கிறது. சர்க்யூட் பைல் இருக்கும் போல்டரிலேயே மாடலையும் வைத்து அங்கிருந்து கூப்பிடுங்கள்.

---

ஸ்பிண்டில்போர்டு எழுதியது:

பதினொரு நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஐடி ஆளிடம் நெட்வொர்க்பணி சொன்னபடியே கேட்டேன். கேபிளைக் கழற்றினார், 'நெட்வொர்க்கில் சேர்க்கக் கூடாது' என்று அவரே ஒரு ஸ்டிக்கரை ஒட்டி மெஷினை என் மேசைக்குக் கீழே விட்டுவிட்டார். டிஸ்க் இமேஜ் இரண்டு பிரதி எடுத்தாயிற்று, ஒன்று முதலாளி வீட்டில் இருக்கிறது. 7பி நீலத் திரை வந்தது, ஐடிஇ-க்கு மாற்றியதும் எழுந்தது. லைசென்ஸ் கோளாறு இன்னும் தீரவில்லை. கம்பைலர் புது மெஷின் என்று சொல்லி மறுத்துவிட்டது, விற்றவர்களுக்கு எழுதியிருக்கிறேன். அதுவரை கம்பைல் செய்வது மேசைக்குக் கீழே இருப்பதில்தான்.

அங்கே கம்பைல் செய்து வந்த, சிப்பில் ஏற்றும் ஹெக்ஸ் பைலை, 2009-இல் சிடியில் எழுதி வைத்திருந்த ஹெக்ஸுடன் பைட் பைட்டாக ஒப்பிட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த வரி திரையில் வந்தபோது எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. புது யுஎஸ்பி புரோகிராமரில் ஏற்றி, ராஜபாளையத்திலிருந்து வந்திருந்த போர்டில் போட்டோம். டிஸ்ப்ளே ஒழுங்காக வருகிறது, நேற்று அனுப்பியாயிற்று. சிபிஎல்டி-க்கு எஸ்விஎஃப் எடுத்துவிட்டேன். ஸ்டோர்ஸில் எண்ணினால் 41 சிப் இருக்கிறது.

இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் இரண்டு மூன்று போர்டுக்கு கெர்பர் எடுக்கிறேன். 23 முடிந்தது. அதில் ஒரு போர்டின் டிடிபி பைல் திறக்கும்போதே பிழை காட்டுகிறது, பேக்கப்பிலும் அதே கெட்ட பைல்தான் இருக்கிறது. அது கடைசியாக உற்பத்திக்குப் போனது 2013-இல். அன்று பிசிபி செய்து கொடுத்தவருக்குப் போன் போட்டேன். பழைய பிலிம் எல்லாம் மாடியில் கட்டி வைத்திருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை வந்தால் சேர்ந்து தேடலாம் என்றும் சொன்னார். போய்ப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.